பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்குத் தீட்டு: 1906 பம்பாய் ஆட்டமும் பல்வங்கர் சகோதரர்களும்

இந்தியக் கிரிக்கெட்டின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் மகாராஜாக்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். நவாநகர், பாட்டியாலா, விஜயநகரம் என்று சமஸ்தானங்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஆட்டக்களத்தில் உருளை இழுத்தவர்களிடமிருந்து தொடங்குவோர் மிகச் சிலர். நாம் அவர்களிடமிருந்து தொடங்குவோம். ஏனென்றால், வெள்ளையரை அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே சாய்த்த ஓர் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர், மைதானத்தில் புல் செதுக்கி, கோடு போட்டு, வலை கட்டி வேலை பார்த்தவர். அவர் பெயர் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். தோல் வேலை செய்கிறவர்கள் என்று சொல்லி ஊர் தள்ளி வைத்த சாதி.

ஒரு முரணை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிரிக்கெட் பந்து மாட்டுத் தோலால் ஆனது. தோலைத் தொட்டுப் பிழைக்கிறவர் தீட்டு. அந்தத் தோலைத் தைத்து உருட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றிவிட்டால் மட்டும் அது கனவான்களின் விளையாட்டு. பாலு வீசிய பந்தைப் பிடிக்க எந்தப் பார்ப்பனக் கையும் தயங்கவில்லை. அதே பாலு குடித்த குவளையைத் தொடத்தான் தயங்கினார்கள்.

மைதானம் யாருடையது?

பம்பாயில் இந்தியர்களில் முதலில் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தவர்கள் பார்சிகள். 1848-இலேயே அவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். இந்துக்கள் பிறகு வந்தார்கள். வந்தபோது சாதியையும் கூடவே கொண்டு வந்தார்கள். 1866-இல் பிரபு சாதி இளைஞர்கள் ஒரு கிளப் தொடங்கினார்கள். சாரஸ்வதர்களுக்கு ஒன்று, சத்திரியர்களுக்கு ஒன்று, குஜராத்திகளுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக முளைத்தன. பதினோரு பேர் சேர்ந்து ஆடவேண்டிய ஆட்டத்தைக்கூட நம் நாட்டில் சாதிச் சங்கமாகத்தான் தொடங்க முடிந்தது.

இவர்கள் எல்லோருக்கும் மேலே பம்பாய் ஜிம்கானா. 1875-இல் தொடங்கிய அந்த கிளப்பில் வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இடம். பரிமாறுகிறவர்களாக வேண்டுமானால் இந்தியர்கள் உள்ளே போகலாம். இந்தியப் பையன்கள் கிரிக்கெட் ஆடிய பொது மைதானத்தில் வெள்ளையர்கள் போலோ ஆடினார்கள். குதிரைக் குளம்புகள் பட்டு ஆட்டக்களம் குண்டும் குழியுமானது. இந்தியர்கள் ஆளுநருக்கு மனு மேல் மனு போட்டார்கள். சில டஜன் போலோ ஆட்டக்காரர்களின் வசதி ஒருபுறம், நூற்றுக்கணக்கான இந்திய இளைஞர்களின் விளையாட்டு மறுபுறம். அரசாங்கம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மனுப் போராட்டத்தின் கதையை ஷாபூர்ஜி சொராப்ஜி என்ற பார்சி 1897-இல் புத்தகமாகவே எழுதி வைத்தார்.

ஆக, பம்பாயில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடந்த ஆட்டம் சமமானவர்களின் ஆட்டமாக ஒருபோதும் இருக்கவில்லை. நிலம், பணம், உபகரணம், அதிகாரம் எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்திலும் எல்லோரும் சமமாக இல்லை. இந்த இரண்டாவது உண்மையைத்தான் வழக்கமான தேசபக்த வரலாறு சொல்லாமல் விட்டுவிடுகிறது.

மூன்று ரூபாய்ச் சம்பளம்

பாலுவின் குடும்பம் கொங்கணத்துப் பல்வண் கிராமத்திலிருந்து வந்தது. பெயருக்கு முன்னால் நிற்கும் பல்வங்கர் அந்த ஊரின் அடையாளம். அவர் பிறந்தது 1870-களின் நடுவில், தார்வாரில். தந்தைக்கு ராணுவத்தில் வேலை. தீண்டப்படாத சாதிகளுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. அந்தக் கதவு இல்லையென்றால் பாலுவும் இல்லை, பாபாசாகேப் அம்பேத்கரும் இல்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. புனாவில் வளர்ந்த பாலுவும் தம்பி சிவராமும் ராணுவ அதிகாரிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் ஆடப் பழகினார்கள்.

பாலுவின் முதல் வேலை புனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில். ஆட்டக்களத்தைப் பெருக்கி உருளை ஓட்டவேண்டும். மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளையர்களின் புனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய் ஆனது. வலை கட்டுவதும் கோடு போடுவதும் முடிந்ததும், பயிற்சிக்கு வரும் துரைமார்களுக்குப் பந்து வீசவேண்டும். ஜே.ஜி. கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி, நல்ல மட்டைவீரர், மற்றவர்களுக்கு முன்பே வந்து மணிக்கணக்காகப் பாலுவின் பந்துகளை ஆடிப் பழகுவார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு.

கிரெய்க்கின் தாராளத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். நாம் இதில் வேறொன்றைப் பார்க்கிறோம். அத்தனை வருடம் வீசிய பாலுவை அந்த வலையில் ஒரு நாளும் மட்டை பிடிக்க விடவில்லை. மட்டை பிடிப்பது துரையின் வேலை, ஓடி ஓடிப் பந்து வீசுவது கூலிக்காரனின் வேலை. உழைப்பு ஒருவருக்கு, ஆட்டம் இன்னொருவருக்கு. கூலியாகச் செய்த அந்த ஆயிரக்கணக்கான பந்துவீச்சுதான் பாலுவை நாட்டின் தலைசிறந்த இடது கைச் சுழற்பந்து வீச்சாளராக்கியது. கற்றுக்கொடுக்க அவருக்கு எந்த ஆசானும் வாய்க்கவில்லை.

மண் குவளையின் வரலாறு

புனாவின் இந்துக்கள் அங்குள்ள வெள்ளையர் அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்று துடித்தார்கள். தோற்கடிக்கக்கூடிய பந்துவீச்சாளர் கண்ணெதிரே இருந்தார். ஆனால் அவர் சமார். சேர்க்கலாம் என்று சிலர், கூடாது என்று சிலர். கிளப்புக்குள் தகராறு. கடைசியில், பாலுவை ஒதுக்கினால் இந்துக்களைவிட முட்டாள்கள் இல்லை என்ற பொருளில் கிரெய்க்கே பத்திரிகையில் கருத்துச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. பாலு அணிக்குள் வந்தார்.

வந்ததும் என்ன நடந்தது? களத்தில் அவர் கையிலிருந்து வரும் பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலு வெளியே நின்று மண் குவளையில் குடித்தார். குடித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடும் குவளை அது. முகம் கழுவ வேண்டுமென்றால், தண்ணீர் ஊற்றுவதற்கு அவரைப் போலவே தீண்டப்படாத ஒரு வேலையாள் வரவேண்டும். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில்.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தேநீர்க் கடையில் சிரட்டை, ஜிம்கானாவில் மண் குவளை. படித்தவர்கள் நடுவே, நகரத்தின் நடுவே, விளையாட்டின் நடுவே இருந்தாலும் அதன் இலக்கணம் மாறவில்லை.

ஆனாலும் பாலு விக்கெட்டுகளைச் சரித்துக்கொண்டே இருந்தார். புனாவின் வெள்ளையர் அணியும், சத்தாராவின் வெள்ளையர் அணியும் அவர் பந்துவீச்சில் தோற்றன. வெற்றி வந்த பிறகு சீர்திருத்தவாதிகள் பேசத் தொடங்கினார்கள். சேர்ந்து விளையாடலாம் என்றால் சேர்ந்து சாப்பிட என்ன தடை என்று கேட்டவர்களில் நீதிபதி ரானடேவும் இருந்தார். கேள்வி நல்ல கேள்விதான். அது பாலு வருவதற்கு முன்னால் எழவில்லை, அவர் ஜெயித்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தது.

1896-இல் புனாவிலும் பம்பாயிலும் பிளேக் பரவியது. அந்த ஆண்டுகளில் பாலு பம்பாய்க்குப் போனார். 1894-இல் தொடங்கியிருந்த இந்து ஜிம்கானா அவரை அணியில் சேர்க்க நினைத்தபோது, அங்கும் சில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். கேப்டன் உறுதியாக நின்றதால் உள்ளே வந்தார். பம்பாயில் அவரை வெளியே நிறுத்தித் தேநீர் கொடுக்கும் வழக்கம் மெல்ல விலகியது. ஒவ்வொரு அடியையும் அவர் விக்கெட் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது.

109 ரன் வித்தியாசம்

1906 தொடக்கத்தில் இந்து ஜிம்கானா பார்சிகளுக்குச் சவால் விட்டது. பார்சிகள் மறுத்துவிட்டார்கள். பம்பாய் ஜிம்கானா ஏற்றுக்கொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1905 அக்டோபரில், கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் நடக்கும் ஆட்டம் வெறும் ஆட்டமாக இருக்க வாய்ப்பில்லை.

பிப்ரவரியில், பம்பாய் ஜிம்கானாவின் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தது. உள்ளே கூடாரங்களில் துரைமார்களும் துரைசானிகளும். வேலிக்கு வெளியே ஆயிரக்கணக்கில் இந்தியர்கள். முதல் இன்னிங்ஸில் இந்துக்கள் 242 ரன் எடுத்தார்கள். வெள்ளையர்கள் 191-இல் சுருண்டார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்களுக்குக் கிடைத்தது 160 மட்டுமே. வெள்ளையர்கள் ஜெயிக்க 212 வேண்டும். அவர்கள் கைக்கு எட்டாத இலக்கு அல்ல. ஆனால் 102 ரன்னுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். 109 ரன் வித்தியாசத்தில் இந்துக்கள் வென்றார்கள். வெள்ளையர்களைச் சரித்ததில் முன்னால் நின்றவர் பாலு. தம்பி சிவராமும் அதே அணியில் ஆடினார். அணியில் இருந்த வேகப்பந்து வீச்சாளர் ஓர் இந்தியக் கிறித்தவர். இந்து என்று பெயர் வைத்த அணி, ஒதுக்கப்பட்டவர்களின் தோளில் ஏறித்தான் வெள்ளையரைத் தாண்டியது.

அந்த வெற்றியைச் சரியாகப் படித்த பத்திரிகை ஒன்று உண்டு. சென்னையில் தொடங்கிப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’. அதன் ஆசிரியர் கா. நடராஜன், தஞ்சைப் பக்கத்துத் தமிழர். சமார் சகோதரர்களை அணியில் சேர்த்தது, ஆயிரக்கணக்கான இந்து இளைஞர்களின் மனத்தைத் திறந்ததில் மற்ற சீர்திருத்த முயற்சிகள் எல்லாவற்றையும்விட அதிகம் சாதித்தது என்ற கருத்தை அந்தப் பத்திரிகை முன்வைத்தது. வெற்றியை ஆட்டத்தின் வெற்றியாகப் பார்க்காமல் சாதிக்கு எதிரான ஓர் அடியாகப் பார்த்தது அதன் நேர்மை.

ஆனால் அதிலும் ஒரு குறையை நாம் சொல்லியாக வேண்டும். சேர்த்தவர்களுக்குப் பாராட்டு. சேர்க்கப்படுவதற்காக ஆண்டுக்கணக்கில் அவமானத்தை விழுங்கியவருக்கு? நம் மக்கள் வெல்லும்போதெல்லாம் கதவைத் திறந்தவரின் பெருந்தன்மை பேசப்படும். கதவைப் பூட்டியவர் யார் என்ற கேள்வி எழாது.

இங்கிலாந்தும் ஒரு வரவேற்புரையும்

1911-இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா. பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அணி. முதல்தர ஆட்டங்கள் 14. அவற்றில் 10 தோல்வி, 2 வெற்றி. அந்தச் சுற்றுப்பயணத்தில் தலைநிமிர்ந்து திரும்பியவர் பாலு. முதல்தர ஆட்டங்களில் 75 விக்கெட். எல்லா ஆட்டங்களையும் சேர்த்தால் 114. சராசரி 19-க்கும் குறைவு. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. இளமையின் பெரும்பகுதி உருளை இழுப்பதிலேயே கழிந்திருந்தது.

அவர் திரும்பியதும் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு வரவேற்புக் கூட்டம் நடத்தினார்கள். அதில் வரவேற்புரையைத் தயாரித்தவர் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர், பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா பதிவு செய்கிறார். அம்பேத்கரின் தலைமுறைக்குப் பாலு என்னவாக இருந்தார் என்பதற்கு இது போதும். நம்மால் முடியாது என்று ஊரே சொன்னதை, முடியும் என்று எல்லோரும் பார்க்கும்படி செய்து காட்டியவர் அவர்.

வியர்வை வேண்டும், தலைமை வேண்டாம்

இங்குதான் கதையின் மையம் இருக்கிறது. பந்து வீசலாம், விக்கெட் எடுக்கலாம், ஜெயித்துக் கொடுக்கலாம். கேப்டன் ஆக முடியுமா?

பாலு பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்து அணியின் முதன்மை வீரராக இருந்தார். அவருடைய தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் மூவரும் இந்து அணிக்காக ஆடினார்கள். ஒரே வீட்டில் நான்கு பேர். ஆனாலும் கேப்டன் பதவி பார்ப்பனர்களுக்கும் மற்ற உயர்சாதியினருக்கும்தான் போனது. 1913-இல் கேப்டனான எம்.டி. பை, தனக்குப் பதிலாக மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்கே இந்தப் பெருமை போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். சொன்னவரும் பார்ப்பனர்தான், அவர் நேர்மையை நாம் மறைக்கவில்லை. ஆனால் தேர்வுக்குழு அசையவில்லை. தலைமை தாங்க மூளை வேண்டும், அது இன்ன சாதிக்குத்தான் உண்டு என்ற நம்பிக்கை ஆட்டக்களத்திலும் நிலைத்திருந்தது.

1920 நாற்கோணப் போட்டியில் விஷயம் வெடித்தது. பாலுவை அணியிலிருந்து நீக்கினார்கள். கேப்டன் பை உடல்நலமில்லாமல் ஆடமுடியாமல் போனபோது, அனுபவத்தில் மூத்தவரும் அப்போது அணியின் சிறந்த மட்டைவீரர்களில் ஒருவருமான விட்டலைத் தாண்டி, புனாவின் டி.பி. தேவ்தரைக் கேப்டனாக்கினார்கள். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். விலகியதோடு நிற்காமல், சாதியின் பெயரால் தங்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைப் பகிரங்க அறிக்கையாக வெளியிட்டார்கள்.

எங்கள் பார்வையில், 1906-இன் 109 ரன் வெற்றியைவிடப் பெரிய வெற்றி இது. 1906-இல் எதிரி நேர் எதிரே நின்றான், ஊரே பாலுவுக்குப் பின்னால் நின்றது. 1920-இல் எதிரி சொந்த அணியின் கூடாரத்துக்குள் இருந்தான். வெள்ளையனை எதிர்த்தவனுக்குத் தேசபக்தன் என்று பெயர். சாதியை எதிர்த்தவனுக்கு ஒற்றுமையைக் குலைத்தவன் என்று பெயர். அந்தப் பெயர் வரும் என்று தெரிந்துதான் இரண்டு சகோதரர்களும் வெளியேறினார்கள். பலன் கிடைத்தது. அடுத்த ஆட்டத்துக்குள் பாலு துணைக் கேப்டனாகத் திரும்ப அழைக்கப்பட்டார், தம்பிகளும் திரும்பினார்கள். 1923-இல் விட்டல் கேப்டன் ஆனார். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவர் தலைமையில் இந்துக்கள் வெள்ளையர்களை வென்றார்கள். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பேச்சுகளால் காலம் கனிந்திருந்தது என்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இரண்டு பேர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்திருக்காவிட்டால், அந்தக் கனி யார் கையிலும் விழுந்திருக்காது.

பாலுவும் பாபாசாகேபும்

இதற்குப் பிறகு நடந்ததைப் பேசச் சங்கடப்படும் தோழர்கள் உண்டு. நாம் பேசுவோம்.

1932-இல் தனித்தொகுதி வாக்குரிமை பற்றிய போராட்டத்தில் பாலு, நம் சென்னை மாகாணத்து எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றார். கூட்டு வாக்காளர் தொகுதி, அதில் ஒதுக்கீட்டு இடங்கள் என்பது அவர்கள் நிலை. செப்டம்பர் 24-இல் கையெழுத்தான புனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோரோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. ஒதுக்கீட்டு இடங்கள் 148 ஆயின. தனி வாக்காளர் தொகுதி போனது. 1935-இல் பாபாசாகேப் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தபோதும் பாலு அவரோடு உடன்படவில்லை.

1937 தேர்தலில் காங்கிரஸ், பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவையே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225. அன்று வரவேற்புரை எழுதிய மாணவர், யாரை வரவேற்றாரோ அவரையே தேர்தலில் வென்றார்.

இதை வைத்துப் பாலுவைத் துரோகி என்று தள்ளுவது எளிது. நாம் அப்படிச் செய்யமாட்டோம். வாழ்நாள் முழுக்கத் திறமையால் ஒவ்வொரு கதவாகத் திறந்தவருக்கு, கதவுகள் திறக்கும் என்ற நம்பிக்கை இருந்ததில் வியப்பில்லை. மண் குவளையிலிருந்து பீங்கான் கோப்பைக்கு வந்த பயணத்தை அவர் தன் உடம்பால் அறிந்தவர். அம்பேத்கர் கேட்டது வேறு கேள்வி. நூறு விக்கெட் எடுக்கத் தெரியாத சமாருக்கு என்ன வழி? உள்ளே வர அசாதாரணத் திறமை வேண்டும் என்றால், சாதாரண மனிதர்கள் எப்போது உள்ளே வருவது? உயர்சாதியில் சராசரி ஆட்டக்காரனுக்கும் அணியில் இடம் உண்டு. நம்மவர் மட்டும் நாட்டிலேயே முதல்வராக இருந்தாக வேண்டும். அதனால்தான் திறமைக்குக் கிடைக்கும் பரிசாக இல்லாமல், பிறப்பாலேயே வரும் உரிமையாகப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்றார் அவர். இன்றைக்கும் இடஒதுக்கீட்டைப் பற்றித் தகுதி, தகுதி என்று பேசுகிறவர்களுக்குப் பாலுவின் வாழ்க்கையே பதில். தகுதி அவரிடம் அளவுக்கு மேல் இருந்தது. கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை இல்லை.

கோப்பைகளின் பெயர்கள்

33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட், சராசரி 15.21. இது பாலுவின் கணக்கு. 1955-இல் பம்பாயில் அவர் இறந்தார். விட்டல் 1948-இல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதி வைத்தார். அது இல்லையென்றால் இந்தக் கதையில் பாதி அழிந்திருக்கும். நம் வரலாற்றை நாமே எழுதி வைக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாட்டின் முதன்மைக் கிரிக்கெட் போட்டிகளின் பெயர்களைப் பாருங்கள். ரஞ்சி கோப்பை, துலீப் கோப்பை. இரண்டும் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடிய இளவரசர்களின் பெயர்கள். தேவ்தர் கோப்பை, 1920-இல் யாருக்காக விட்டல் ஓரங்கட்டப்பட்டாரோ அவருடைய பெயர். தேவ்தர் பெரிய ஆட்டக்காரர், அதை மறுக்கவில்லை. இளவரசர்களின் திறமையையும் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளையரை வீழ்த்திய முதல் இந்து அணியைத் தோளில் சுமந்தவரின் பெயரில் ஒரு தேசியக் கோப்பைகூட இல்லையே, ஏன் என்று கேட்கிறோம்.

அன்று மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். குடித்ததும் உடைத்து எறிந்தார்கள். வரலாற்றிலும் அதையேதான் செய்திருக்கிறார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டுவது நம் வேலை. பள்ளியில் கிரிக்கெட் ஆடும் நம் சேரிப் பிள்ளைகளுக்குப் பாலுவின் பந்துவீச்சைச் சொல்லிக் கொடுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், விட்டலும் சிவராமும் மட்டையைக் கீழே வைத்த நாளையும் சொல்லிக் கொடுங்கள்.